பழைய எண், புதிய எண்

அம்மாவுக்குக் காலையில் காபி குடித்து முடித்ததும் குறுக்கெழுத்துப் போட்டாக வேண்டும். பேப்பரில் வருவதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். அது போதாமல் இணையத்தில் ஒரு தளத்தைக் கண்டுபிடித்து, டேப்லெட்டில் அதையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு நாள் காலையில் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லும் அந்தக் கட்டம். பஸ் இருக்கும் படங்களை எல்லாம் தொடு என்கிறது. தொட்டால் இன்னொரு ஒன்பது படம் வருகிறது, அதையும் தொட்டால் சீப்ரா கிராஸிங்கைக் காட்டு என்கிறது, அப்புறம் தெருவோரத்தில் நிற்கும் ஒரு சிவப்புக் குழாயைக் காட்டச் சொல்கிறது. அமெரிக்கத் தெருக்களில் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கிற குழாய் அது, மதுரையில் எழுபது வருஷம் வாழ்ந்த ஒருத்திக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்?

“எத்தனை பஸ்ஸைத்தான்டா தொடுறது? மாட்டுத்தாவணியில கூட இத்தனை பஸ் நிக்காது” என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். நான்காவது சுற்றில்தான் உள்ளே விட்டது. அடுத்த நாள் ஆறு சுற்று. அதற்கடுத்த நாள் “உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து வருகிறது” என்று சொல்லிக் கதவையே சாத்திவிட்டது. டேப்லெட்டை வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு என் போனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டேன், ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. திரும்ப வீட்டு வைஃபைக்கு வந்தால் திரும்பவும் பஸ்.

ஆக, அம்மா மேலும் டேப்லெட் மேலும் சந்தேகம் இல்லை, சந்தேகமெல்லாம் எங்கள் வீட்டு ஐபி முகவரி மேல், அதாவது இணையத்தில் எங்கள் வீட்டுக்கான கதவு எண் மேல். ஏதோ ஒரு கறுப்புப் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கிறது, மாற்றிவிட்டால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது. (அந்த ஹாட்ஸ்பாட்டில் ஏன் தொந்தரவு இல்லை என்று அன்றைக்கே யோசித்திருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

எனக்கு அந்த அலட்சியம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2008 வாக்கில் எங்கள் வீட்டில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் இருந்தது, ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்கிற ஹோம் 500 திட்டம். அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்த தலைமுறை நாங்கள். அன்றைக்கிருந்த கோப்புத் தளங்களில் காசு கட்டாதவன் ஒரு கோப்பை இறக்கினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்தக் கணக்கை உன் ஐபியை வைத்துத்தான் போடுவான். நாங்கள் என்ன செய்வோம், மோடத்தை அணைத்து முப்பது எண்ணிவிட்டுப் போடுவோம், புது ஐபி வந்துவிடும், அவன் நம்மைப் புது ஆள் என்று நினைத்துக்கொள்வான். அந்த மோடம் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ஒவ்வொரு முறையும் புதிதாக டயல் செய்யும், பிபிபிஓஇ என்று பெயர். டயல் செய்தவனுக்கு அந்த நேரத்தில் கூடையில் எந்த எண் காலியாக இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார்கள். அதனால் அணைத்துப் போட்டாலே முகவரி மாறும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

சரி என்று இப்போதும் அதையேதான் செய்தேன். அணைத்தேன், போட்டேன், “என் ஐபி என்ன” என்று தேடிப் பார்த்தேன். அதே எண். பத்து நிமிஷம் அணைத்து வைத்தேன், அதே எண். ராத்திரி படுக்கப் போகும்போது அணைத்துக் காலையில் போட்டாலும் அதே எண்.

இப்போதைய இணைப்புகளில் நிறைய டயல் கிடையாது, ரூட்டர் கேட்டதும் தானாக எண் கொடுக்கிற டிஹெச்சிபி என்கிற ஏற்பாடு வழியாக எண் வருகிறது. அதை வாடகை ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பதினோரு மாதத்துக்கு எழுதுகிற மாதிரி அங்கேயும் ஒரு காலக்கெடு எழுதிக் கொடுப்பார்கள், சில இடங்களில் சில மணி நேரம், சில இடங்களில் சில நாள். ஆனால் கெடு முடிகிற வரைக்கும் ரூட்டர் காத்துக்கொண்டிருக்காது, பாதிக் காலம் ஆனதுமே போய்ப் புதுப்பித்துவிட்டு வரும். சரி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் ஒப்பந்தமே காலாவதியானாலும், திரும்பி வந்து கேட்டால் “பழைய ஆள்தானே, அந்த எண் காலியாகத்தான் கிடக்கிறது, எடுத்துக்கோ” என்று அதையே கொடுக்கும்படிதான் அந்த ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது. நல்ல வீட்டுக்காரர். மாறத்தான் விட மாட்டார்.

இதில் இன்னொரு கூத்து. மாதாந்திர ஷட்டவுன் அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது, எட்டு மணி நேரம் ரூட்டர் செத்துக் கிடந்தால் எண் மாறிவிடும் என்று நம்பிக் காத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் அதே எண். போன வருஷம் மகளுடைய ஆன்லைன் வகுப்புக்காக ரூட்டருக்கென்று ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி மாட்டியதே நான்தான். ஷட்டவுனில் பாதி நேரம் ரூட்டர் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இந்த நிலையில் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் ரிலீஸ், ஐபிகான்ஃபிக் ரினியூ என்று இரண்டு வரி தட்டினால் ஐபி மாறிவிடும், நான்கே நிமிஷம் என்றது வீடியோ. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டு இணைப்பில் இந்த இரண்டு வரியும் வெளியே தெரிகிற ஐபியைத் தொடவே தொடாது. உங்கள் கணினிக்கு உங்கள் ரூட்டர் கொடுத்திருக்கும் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கும், அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் அதே எண்ணாகத்தான் இருக்கும். மாறினாலும், ஹாலில் இருந்த நாற்காலியை அடுப்படியில் போட்ட மாதிரி. தெருவில் இருப்பவனுக்கு அது தெரியாது.

அப்போதுதான் உட்கார்ந்து நிதானமாக எண்களை எழுதிப் பார்த்தேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியது இதைத்தான். டேப்லெட்டில் இருந்தது 192.168.1.6. இது வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற எண். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண் இருக்கும், யாரும் யாரோடும் மோதிக்கொள்வதில்லை. 1996-ல் இதற்கென்றே சில வரிசைகளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அடுத்து ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, நிலவரம் என்கிற இடத்தில் வான் ஐபி என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். (ஆகாயம் இல்லை, வெளிப்பக்கத்து வலை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.) அங்கே 100.72 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. மூன்றாவதாக “என் ஐபி என்ன” தளம் காட்டிய எண். அது 100-ல் தொடங்கவே இல்லை, முற்றிலும் வேறு.

ரூட்டர் சொல்வதும் வெளியே தெரிவதும் ஒன்றாக இருந்தால், அந்த முகவரி உங்கள் வீட்டுக்கென்று கொடுத்தது. வேறு வேறாக இருந்து, ரூட்டரில் இருப்பது 100.64-லிருந்து 100.127-க்குள் வருகிற எண் என்றால், உங்களுக்கென்று தனி முகவரி கிடையாது. அந்த வரிசை 2012-ல் இதற்காகவே தனியாக எடுத்து வைத்தது. சேவை தருபவர் தன் வாடிக்கையாளர்களை எல்லாம் உள்ளுக்குள் இந்த எண்களில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போகும்போது பல வீடுகளை ஒரே பொது முகவரியில் அனுப்புவார். கேரியர் கிரேடு நாட், சுருக்கமாக சிஜிநாட்.

மதுரையில் காம்பவுண்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருவில் ஒரே கதவு, ஒரே கதவு எண், உள்ளே போனால் வரிசையாகப் பன்னிரண்டு குடித்தனம், நடுவில் ஓர் அடிபம்பு. தபால்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார், உள்ளே வீட்டுக்கார அம்மா இது மூன்றாவது வீட்டு டீச்சருக்கு, இது கடைசி வீட்டு மில்காரருக்கு என்று பிரித்துக் கொடுப்பார். எல்லாம் ஒழுங்காக நடக்கும், உள்ளே ஒருத்தர் வம்பு பண்ணாத வரைக்கும். எங்கள் காம்பவுண்டில் ஒரு ஆள் மளிகைக்கடையில் கடன் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி பண்ணிப் போனார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தக் கடைக்காரர் எங்கள் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. “அந்தக் காம்பவுண்டா? காசு குடுத்துட்டு எடுத்துக்கங்க” என்பார்.

அம்மாவுக்கு வந்த பஸ் படங்கள் அந்த மளிகைக்கடைதான். எங்களோடு அதே பொது முகவரியில் இருக்கிற ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒன்று நாள் முழுக்கத் தளங்களைப் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறது, பழி எல்லோருக்கும் பொது.

ஏன் இப்படிக் காம்பவுண்டில் அடைக்கிறார்கள் என்றால், எண் இல்லை. நாம் பழகிய அந்த நான்கு பகுதி எண் 32 பிட், மொத்தமாகப் போட்டாலும் 429 கோடி சொச்சம்தான் வரும். எழுபதுகளின் கடைசியில் இந்த அளவை முடிவு செய்தவர்களுக்கு அது கடல் மாதிரி இருந்திருக்கும். ஆரம்பத்தில் கேட்ட பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகத் தலைமைக் கிடங்கில் மிச்சமிருந்த ஐந்து பெரிய கட்டுகளையும் ஐந்து பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிடங்கை மூடினார்கள். நம் பக்கத்துக்கான ஏபிநிக், அந்த ஏப்ரலிலேயே கடைசிக் கட்டில் கை வைத்துவிட்டது. இந்தியாவில் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தது அதற்கெல்லாம் பிறகு. பந்திக்குக் கடைசியாகப் போனவனுக்கு ரசமும் மோரும்தான் என்கிற கதை.

ஒரு பொது முகவரியில் எத்தனை வீட்டை ஏற்றலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முகவரிக்கு 65,535 போர்ட், அதாவது உள்ளே நுழைகிற வாசல். முதல் ஆயிரத்துச் சொச்சத்தை ஒதுக்கிவிட்டால் சுமார் 64,500 மிச்சம். வீட்டுக்கு ஆயிரம் வாசல் என்று தாராளமாகக் கொடுத்தால் 64 வீடு, ஐந்நூறு என்று இறுக்கினால் கிட்டத்தட்ட 130 வீடு. அதில் ஒரே ஒரு வீட்டில் வம்பு இருந்தால் போதும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், யாராக இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார்.

“மேடம், எங்க வீட்டுக்கு வர்ற பப்ளிக் ஐபியை மாத்தித் தர முடியுமா?”

“வைஃபை பாஸ்வேர்டு மாத்தணுமா சார்?”

“இல்லைங்க, ஐபி.”

“ஸ்பீடு வரலையா சார்?”

புகார் எண் ஒன்று கிடைத்தது. மறுநாள் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்திருக்கிற கேபிள்கார அண்ணன் ஒரு தம்பியை அனுப்பிவைத்தார். அந்தத் தம்பி வருவதற்குள் நான் என் பங்குக்கு ரூட்டரின் மேக் முகவரியை, அதாவது சாதனத்துக்குத் தயாரிக்கும்போதே கொடுக்கிற அடையாள எண்ணை, மாற்றிப் பார்த்திருந்தேன். சாதனத்தின் மேக்கைப் பார்த்துத்தான் பழைய ஆள் என்று டிஹெச்சிபி அடையாளம் கண்டுகொள்ளும், அதை மாற்றினால் புது ஆள் என்று புது எண் கொடுக்கும் என்பது கணக்கு. கேபிள் மோடம் காலத்தில் இது நன்றாக வேலை செய்த தந்திரம். எனக்குச் செய்யவில்லை. தம்பி சிரித்தான். “அண்ணே, மேக் எல்லாம் பாக்க மாட்டாங்க, பெட்டியோட சீரியல் நம்பரைத்தான் பிடிச்சு வச்சிருக்காங்க, நீங்க மேல சட்டையை மாத்துனா ஆள் தெரியாமப் போயிருமா?” என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. ஆபீஸுக்குப் போன் போட்டு, “செஷனை கிளியர் பண்ணி வேற பூல்ல விடுங்க” என்றான். பத்து நிமிஷத்தில் ரூட்டரில் 100.72 போய் 100.90 வந்தது.

வெளியே பார்த்தால் பொது முகவரி அதே பழைய எண். காம்பவுண்டுக்குள்ளேயே மூன்றாவது வீட்டிலிருந்து ஒன்பதாவது வீட்டுக்கு மாறியிருக்கிறோம். இன்னொரு தரம் போன், இன்னொரு கிளியர். இந்தத் தடவை வெளி எண்ணும் மாறியது. அம்மா குறுக்கெழுத்தைத் திறந்தாள், ஒரு பஸ்கூட வரவில்லை. தம்பிக்கு ஒரு காபி.

புது எண்ணோடு ஒரு விநோதமும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இந்தியில் விளம்பரம், வானிலை கேட்டால் மும்பையில் மழை என்கிறது. ஐபியை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிற விஷயம் ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்கிற ஊகம்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் கட்டு எண்ணுக்குப் பட்டியலில் மும்பை என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் மிகப் பெரிய அவதி அமெரிக்காவில் நடந்தது. மேக்ஸ்மைண்ட் என்கிற பட்டியல் நிறுவனம், ஒரு எண் அமெரிக்காவில் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் நாட்டின் நடுவில் ஒரு முழு எண் புள்ளியைப் போட்டு வைத்திருந்தது. 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் போய் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட ஐபி முகவரிகளுக்கு அந்த வீடுதான் விலாசம். வருஷக்கணக்காகத் திருட்டுப் போன்களைத் தேடியும் மோசடிக்காரர்களைத் தேடியும் போலீஸும் பொதுஜனமும் அந்த வீட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், உள்ளே இருந்தவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. 2016-ல் பத்திரிகையில் வந்த பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை எடுத்து விச்சிட்டா நகரத்துக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவில் போட்டது. மும்பை மழை பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள். மூன்றாவது நாள் காலையில் அம்மா டேப்லெட்டோடு வந்தாள். பஸ்.

புதுக் காம்பவுண்டிலும் அதே மாதிரி ஒரு ஆள் இருக்கிறானா, இல்லை அந்த ஆளே நாம்தானா என்று அப்போது ஒரு பயம் வந்தது. வீட்டில் தேடினால் பழைய டிவியில் சொருகியிருந்த ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி, ஆன்லைனில் மலிவாக வாங்கியது, எந்த நிறுவனம் என்றே தெரியாது. இந்த மாதிரிப் பெட்டிகளில் பிறவியிலேயே தீநிரல் ஏற்றி விற்பது ஒரு தொழிலாக நடக்கிறது. 2025 ஜூனில் எஃப்பிஐ இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது, அடுத்த மாதமே கூகுள் நியூயார்க்கில் போட்ட வழக்கில் பேட்பாக்ஸ் 2.0 என்கிற கூட்டத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்கள் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அந்தப் பெட்டிகளால் செய்கிற வேலைகளில் ஒன்று, உங்கள் வீட்டு ஐபியை இன்னொருத்தருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது. திருடனுக்குச் சாதாரண வீட்டு முகவரிதான் வேண்டும், அதற்குத்தான் மரியாதை.

இலவச விபிஎன் (நம் போக்குவரத்தை வேறொருத்தர் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புகிற சேவை) போட்டு ஐபியை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்பவர்களுக்கும் இதுவேதான். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்கிற வலையைப் பிடித்து மூடியது. அதில் 1.9 கோடி ஐபி முகவரிகள் விற்பனைக்கு இருந்தன. அவற்றை எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் என்று இலவசமாகக் கொடுத்து. ஐபியை மறைக்கப் போனவர்கள் தங்கள் ஐபியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற நல்ல விபிஎன்கள் வேறு விஷயம், ஆனால் அம்மாவின் குறுக்கெழுத்துக்கு அவையும் உதவாது. விபிஎன் என்பது ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற இன்னும் பெரிய காம்பவுண்டு, பஸ் படங்கள் அதிகமாகத்தான் வரும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரத்தையும் அவருக்குக் கொடுத்த ஐபியையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றதும், பெரிய விபிஎன் நிறுவனங்கள் பல தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. ஐபியை மாற்றிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிற பையன்கள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். தம்பிகளா, எந்த நிமிஷத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்பதை இங்கே இணையச் சேவை தருபவர்கள் குறைந்தது இரண்டு வருஷம் எழுதி வைத்திருக்க வேண்டும், 2021 டிசம்பரில்தான் ஒரு வருஷத்தை இரண்டாக்கினார்கள். காம்பவுண்டு வீட்டுக்கார அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

அந்தப் பெட்டியைக் கழற்றித் தூக்கிப் போட்டேன். அதற்கப்புறமும் பஸ் வந்தது. ஆக நாங்கள் இல்லை. (பெட்டி போனதில் வருத்தமும் இல்லை.)

நிலையான ஐபி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கேபிள்கார அண்ணன். வருஷத்துக்கு இரண்டாயிரம் சொச்சம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும், வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்க வேண்டும் என்றால் அது நியாயமான செலவு, காம்பவுண்டுக்குள் இருப்பவனை வெளியிலிருந்து நேராக வந்து கூப்பிட முடியாது என்பதால். ஒரு குறுக்கெழுத்துக்காக இரண்டாயிரமா என்று இருந்தது. அம்மாவிடம் சொன்னால் பேப்பரில் வருவதே போதும் என்பாள், அதனால் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் ஹாட்ஸ்பாட் ஞாபகம் வந்தது. போனில் வருகிற இணையமும் இதே சிஜிநாட்தானே, அங்கே லட்சக்கணக்கான பேர் இதைவிட நெருக்கியடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், பின்னே அதில் மட்டும் ஏன் பஸ் வரவில்லை? ஹாட்ஸ்பாட்டைப் போட்டு “என் ஐபி என்ன” என்று மறுபடி பார்த்தேன். நான்கு பகுதி எண்ணே இல்லை. 240 என்று தொடங்கி, நடுவில் எழுத்தும் எண்ணுமாக நீண்டு போகிற முகவரி. ஐபிவி6.

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். புது முறையில் முகவரி 128 பிட், எண் பஞ்சமே கிடையாது. இந்தியாவில் மொபைல் இணையம் பெரும்பாலும் இதற்கு எப்போதோ மாறிவிட்டது, கூகுளுக்கு இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பாதிக்கும் மேல் இதில்தான் வருகிறார்கள். இந்த முறையில் காம்பவுண்டு தேவையில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனை. மனை என்றால் சும்மா இல்லை, 64 பிட் அளவுக்கு ஒரு வீட்டுக்கே ஒதுக்குகிறார்கள், பழைய உலகம் முழுவதுக்கும் இருந்த 429 கோடியைப் போல இன்னும் 429 கோடி மடங்கு. பக்கத்து வீட்டுக்காரன் மளிகைக்கடையில் என்ன கடன் வைத்தாலும் அது அவன் மனைக்கு.

ரூட்டருக்குள் போய் இணைப்பு அமைப்பைத் திறந்தேன். ஐபி முறை என்கிற இடத்தில் ஐபிவி4 மட்டும், அதாவது பழைய நான்கு பகுதி எண் மட்டும் என்று தேர்வு செய்து வைத்திருந்தார்கள். பெட்டியை மாட்டிய அன்றைக்கே அப்படி விட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டு வருஷமாக அப்படியே கிடக்கிறது. இரண்டும் சேர்த்து என்று மாற்றி, சேமித்து, ஒரு தரம் அணைத்துப் போட்டேன். 240-ல் தொடங்கும் முகவரி வந்துவிட்டது. மூன்று வாரம் நான் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு சொடுக்கில்.

அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. டேப்லெட்டும் போனும் இந்தப் புது முறையில் தங்கள் முகவரியின் பின்பாதியைத் தாங்களே தினமும் மாற்றிக்கொள்கின்றன, யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக 2001-லேயே அப்படி ஒரு ஏற்பாட்டை வரையறுத்துவிட்டார்கள். முன்பாதி மட்டும் வீட்டுடையது, அதைச் சாதனங்கள் மாற்றுவதில்லை. நான் நாயாய் அலைந்து மாற்றப் பார்த்த ஐபி இனிமேல் கேட்காமலே மாறிக்கொண்டிருக்கும், மாறினாலும் மாறாவிட்டாலும் அம்மாவுக்குப் பஸ் வராது.

எல்லாத் தளத்துக்கும் இது நிவாரணம் இல்லை. ஐபிவி6 இல்லாத தளங்களுக்குப் போகும்போது பழைய காம்பவுண்டு வழியாகத்தான் போயாக வேண்டும், அங்கே அவ்வப்போது பஸ்ஸும் சீப்ரா கிராஸிங்கும் வரத்தான் செய்கின்றன. மகள் எதற்கோ விண்ணப்பம் போடுகிற ஒரு தளம் அப்படி இருக்கிறது. அதற்கு ஹாட்ஸ்பாட்டும் பயன்படவில்லை, அங்கேயும் நான்கு பகுதி எண் காம்பவுண்டுதானே. பொறுமையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மா இப்போது காலையில் இரண்டு குறுக்கெழுத்தையும் முடித்துவிட்டு, அந்தச் சிவப்புக் குழாய் என்னவென்று எனக்குத் தெரியும் என்கிற பெருமையோடு இருக்கிறாள்.

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். ஏதோ ஒரு விளையாட்டில் ஐபியைத் தடை பண்ணிவிட்டார்களாம், அவன் ஒன்றும் செய்யவில்லையாம், அந்தக் கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டியும் மாறவில்லையாம்.

“ரூட்டர் பக்கத்தைத் திற. வான் ஐபின்னு ஒண்ணு இருக்கும், எதுல ஆரம்பிக்குது?”

“இருண்ணே... நூறு. நூறு புள்ளி எண்பத்தி மூணு.”

“சரி, ஒண்ணையும் தொடாம வை. ஞாயித்துக்கிழமை வர்றேன்.”